பனையைத் தென்னையாக்கும் கருவி: செயற்கை நுண்ணறிவு வீடியோவைச் சோதிக்கத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடியோ, பாடல் வீடியோ, குறும்படம், பாடசாலை நாடகத்துக்கான பின்திரைக் காட்சி என்று ஏதோவொரு வகையில் கமராவோடு வேலை செய்பவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி, எழுத்தைக் கொடுத்தால் வீடியோ செய்து தரும் கருவிகளில் எதை வாங்கலாம் என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரு பெயரை விடையாகச் சொல்ல நான் விரும்பவில்லை, ஏனென்றால் இத்துறையில் முன்வரிசை சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் சோராவை 2024 பெப்ரவரியில் அறிமுகப்படுத்தியபோது ஒரு நிமிடம் வரை நீளும் காட்சிகளைப் பார்த்து வியந்தோம். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கிளிங், லூமா, ரன்வேயின் ஜென்-3 ஆகியவை அடுத்தடுத்து வந்தன. 2025 மே மாதத்தில் கூகிளின் வியோ 3 படத்தோடு பேச்சையும் ஓசையையும் சேர்த்தே உருவாக்கத் தொடங்கியது. ஆகவே நாளை எந்தப் பெயரில் எது வந்தாலும், அது நமது வேலைக்கு உதவுமா என்பதை ஒரு வாரத்துக்குள் அளந்து பார்ப்பதற்கான முறையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இந்த முறையை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறின் மூலம். கனடாவில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளுக்காக ஒரு வீடியோ செய்து தரும்படி கேட்டிருந்தார்கள். பழைய படங்களுக்கு நடுவே, விடியற்காலையில் ஒரு கிராமத்து ஒழுங்கை விழிப்பது போன்ற ஆறு செக்கன் காட்சியொன்றைப் புதிய கருவியில் உருவாக்கிச் சேர்த்தேன். பனி, பொன்னிற ஒளி, ஓலைக்கூரை எல்லாம் பார்க்க மிக அழகாக இருந்தன. வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டியபோது அந்த வீட்டுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "தம்பி, உது எங்கட ஊர் இல்லை. ஒரு பனையையும் காணேல்லை" என்றார். வேலிக்கு மேலே வரிசையாகச் சாய்ந்து நின்றவை எல்லாம் தென்னைகள். அந்தக் காட்சியை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன், ஆனாலும் அழகு கண்ணை மறைத்துவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கருவியையும் எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள்களைக் கொண்டே சோதிக்கிறேன். விண்வெளி வீரனும் மழையில் நனையும் வெளிநாட்டுத் தெருவும் எந்தக் கருவியிலும் அழகாகத்தான் வரும். அவற்றில் பிழை இருந்தால் கண்டுபிடிக்கும் அறிவு நமக்கு இல்லை.

கணக்குத் திறப்பதற்கு முன்

முதலில், நீங்கள் நுழைவது அந்த நிறுவனத்தின் உண்மையான இணையத்தளம்தானா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற கருவிகளைப் போலவே முகப்பு வைத்து, "இலவசமாக வரம்பின்றி" என்று அழைத்து, கணினியில் தீங்கான கோப்பை இறக்கிவிடும் பக்கங்கள் பேஸ்புக் விளம்பரங்களில் திரிகின்றன. வீடியோ என்ற பெயரில் இறங்கும் கோப்பு, திறக்க நிறுவல் அனுமதி கேட்டால் அது வீடியோ அல்ல. வழக்கமான மின்னஞ்சலைக் கொடுக்காமல், சோதனைகளுக்கென்றே ஒரு தனி மின்னஞ்சல் வைத்திருப்பது நல்லது.

அடுத்து, நிபந்தனைகளில் மூன்று விடயங்களை மட்டும் தேடி வாசியுங்கள். உருவாக்கிய காட்சியைப் பணத்துக்குச் செய்யும் வேலையில் பயன்படுத்தலாமா என்பது ஒன்று. இலவசத் திட்டத்தில் பல கருவிகள் இதற்கு இடம் கொடுப்பதில்லை, மூலையில் தங்கள் இலட்சினையையும் பதித்துவிடுகின்றன. நீங்கள் ஏற்றும் படங்களைத் தங்கள் மாதிரியை, அதாவது கருவிக்குள் இயங்கும் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவார்களா, அதை நிறுத்தி வைக்க வழி உண்டா என்பது இரண்டாவது. காட்சி உருவாக்கும்போது கழியும் புள்ளிகளான கிறெடிட்டுகள் மாத முடிவில் மீந்திருந்தால் அடுத்த மாதத்துக்குச் செல்லுமா, அழிந்துவிடுமா என்பது மூன்றாவது. கல்யாணப் பருவம் முடிந்து வேலை இல்லாத மாதத்திலும் கடனட்டையில் டொலர் கழியும்போதுதான் இந்த மூன்றாவது விடயத்தின் அருமை தெரியவரும்.

கணினி பற்றிய கவலை தேவையில்லை. இக்கருவிகளில் வேலை நடப்பது அவர்களுடைய சேர்வரில் என்பதால் சாதாரண மடிக்கணினியே போதும், சோதனைக்குக் கைத்தொலைபேசிகூடப் போதும். சந்தா கட்டாமல் சொந்தக் கணினியிலேயே ஓட்ட விரும்புவோருக்கு அலிபாபா நிறுவனம் 2025 பெப்ரவரியில் திறந்த உரிமத்தில் வெளியிட்ட வான் 2.1 போன்ற மாதிரிகள் இருக்கின்றன. அதன் சிறிய வடிவத்துக்கு 8 ஜிபிக்குச் சற்று மேலான நினைவகமுள்ள கிராபிக்ஸ் அட்டை வேண்டும். என்விடியாவின் உயர்தர 4090 அட்டையிலேயே 480பி என்ற குறைந்த தெளிவு அளவில் 5 செக்கன் காட்சிக்கு ஏறத்தாழ 4 நிமிடம் செல்லும். தொடங்குபவர் அந்தப் பக்கம் இப்போதே போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஐந்து சோதனைக் காட்சிகள்

சோதனை என்றால் மனதில் தோன்றியதை எல்லாம் எழுதிப் பார்ப்பது அல்ல. ஐந்து காட்சிகளை முன்கூட்டியே எழுதி வைத்து, புதிய கருவி வரும்போதெல்லாம் சொல் மாறாமல் அதே ஐந்தையும் கொடுத்தால்தான் ஒன்றோடொன்றை ஒப்பிட முடியும். கருவிக்கு எழுதிக் கொடுக்கும் இந்த விவரிப்பைத்தான் புரொம்ட் என்கிறோம். என்னுடைய ஐந்து காட்சிகள் பனை, கிணற்றில் நீர் இறைக்கும் துலா, தவில், தேர்க்கூட்டம், பெயர்ப்பலகை. உங்களுடையவை வேறாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பலவீனத்தைத் தொட வேண்டும்.

ஏன் இப்படி என்பதற்குக் கருவி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்திருப்பது உதவும். பழைய தொலைக்காட்சியில் அலைவரிசை இல்லாதபோது தெரிந்த புள்ளிமழையை நினைத்துக்கொள்ளுங்கள். இக்கருவிகளில் பெரும்பாலானவை அத்தகைய இரைச்சலில் தொடங்கி, எழுத்தில் சொன்னதற்குப் பொருந்தும்படி அதைப் படிப்படியாக நீக்கிக் காட்சியாக்குகின்றன. எதை எப்படி நீக்குவது என்பதை, பயிற்சியின்போது பார்த்த ஏராளமான வீடியோக்களிலிருந்து அவை கற்றிருக்கின்றன. அந்த வீடியோக்களில் அதிகம் இருந்தது நன்றாக வரும், அருகி இருந்தது அதற்கு அடுத்ததாகத் தெரிந்த ஒன்றின் சாயலில் வரும். தென்னை உலகக் கடற்கரை விளம்பரங்களிலெல்லாம் நிற்கிறது, பனைக்கு அந்தப் பேறு இல்லை.

பனைக் காட்சியில் பார்க்க வேண்டியது ஓலையை. தென்னோலை நீண்டு இரு பக்கமும் கீற்றாகப் பிரியும், பனையோலை விசிறி போல விரியும். மரத்தின் பெயரை மட்டும் எழுதினால் சில கருவிகள் தென்னை மரத்தில் விசிறி ஓலையைச் செருகி, எந்தத் தாவரவியலுக்கும் அடங்காத ஒன்றை நட்டுவிடுகின்றன. பெயருக்குப் பதிலாக உருவத்தையே எழுதுங்கள்: கருமையான, நேராக உயர்ந்த தண்டு, உச்சியில் உருண்டையாக அடர்ந்த விசிறி ஓலைகள், கீழே காய்ந்து தொங்கும் காவோலை. உருவத்தை எழுதிய பிறகும் தென்னை வந்தால் அந்தக் கருவிக்குப் பனை தெரியாது என்று குறித்துக்கொண்டு நகரலாம்.

துலாக் காட்சிதான் என்னைப் பொறுத்தவரை மிகக் கடுமையான சோதனை, அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். துலாவைத் தாங்க நாட்டிய ஆடுகாலின் மேல் துலா குறுக்காகக் கிடக்கிறது. முன்நுனியில் கொடி எனப்படும் கயிறும் வாளியும் தொங்குகின்றன, பின்நுனியில் பாரம் இருக்கிறது. வாளி கிணற்றுக்குள் இறங்கும்போது பின்நுனி எழ வேண்டும், வாளி ஏறும்போது பின்நுனி தாழ வேண்டும், ஆடுகால் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும், மேலே வரும் வாளியிலிருந்து நீர் சிந்த வேண்டும். சிறு பிள்ளைக்கும் புரியும் இந்த இயக்கத்தில் பாரம், நெம்பு, கயிறு, நீர் நான்கும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அண்மையில் ஒரு புதிய கருவியில் நான்கு தடவை இதை உருவாக்கிப் பார்த்தேன். முதலாவதில் துலா ரப்பர் போல வளைந்தது. இரண்டாவதில் இரு நுனிகளும் சேர்ந்தே மேலே எழுந்தன. மூன்றாவதில் கொடி நீருக்குள் சென்றது, வெளியே வரும்போது வாளி இல்லை. நான்காவதில் மூன்று செக்கன் வரை எல்லாம் சரியாக இருந்து, பிறகு நீர் இறைத்தவரின் வலக்கை கொடியோடு ஒட்டிக் கொடியாகவே மாறிவிட்டது. கருவி முன்கூட்டியே நெம்பின் விதியைத் தெரிந்து கணக்கிடுவதில்லை என்பதால், அருகருகே உள்ள பிரேம்கள், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்கள், பொருந்தி நின்றாலும் முழு இயக்கம் இப்படிக் குலைந்துவிடுகிறது. இந்தச் சோதனையில் எத்தனை செக்கன் தாக்குப்பிடிக்கிறது என்பதே அந்தக் கருவியின் இயக்க அறிவுக்கு நல்ல அளவுகோல்.

தவில் காட்சி விரல்களுக்கானது. இணுவிலிலும் அளவெட்டியிலும் தவிலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வலது கை விரல்களில் விரற்கூடுகளும் இடது கையில் கழியும் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கருவிக்குச் சொல்லத் தேவை. சொன்ன பிறகும் இரண்டு கையிலும் கழியைக் கொடுத்துவிடலாம், அல்லது தவிலை மிருதங்கமாக மடியில் கிடத்திவிடலாம். வேகமான அடியில் விரல்கள் ஐந்தா, ஏழா என்று காட்சியை நிறுத்தி எண்ணிப் பாருங்கள்.

தேர்க்கூட்டத்தில் பார்க்க வேண்டியது முகங்களும் உடைகளும். நல்லூர்த் தேரன்று வெறும் மேலோடு வேட்டி கட்டி வடம் பிடிக்கும் ஆண்களைக் கேட்டால், தலைப்பாகை கட்டிய வடநாட்டுக் கூட்டத்தை வண்ணப்பொடியோடு கொண்டுவந்து நிறுத்தும் கருவிகள் உண்டு. முன்வரிசை முகங்கள் தெளிவாக இருந்தாலும் பின்வரிசை முகங்கள் உருகி ஒன்றாகிவிடுகின்றனவா என்றும் கவனியுங்கள்.

பெயர்ப்பலகைச் சோதனையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். பஸ்ஸின் முன்பலகையில் "பருத்தித்துறை" என்று கேளுங்கள். பெரும்பாலும் தமிழைப் போலத் தோன்றும், ஆனால் எந்த எழுத்துமாகாத சுழிகள்தான் வரும். வெற்றுப் பலகையைக் கேட்டு, எடிட்டிங்கில் நாமே எழுத்தைப் பதிப்பதே இன்றைக்கு நம்பகமான வழி.

ஓட்டும் முறை

ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது நான்கு தடவை உருவாக்குங்கள். ஒரே தடவையில் நன்றாக வந்தால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம். கருவியில் சீட் எண்ணைக் குறிப்பிடும் வசதி இருந்தால், தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் அந்த எண்ணை மாற்றாமல் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் காட்சி திருந்தியதற்கு எது காரணம் என்று தெரியாமல் போகும்.

புரொம்டைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா என்பதையும் இரண்டு விதமாகவும் எழுதிச் சோதியுங்கள். நான் கண்டவரை ஆங்கிலம் கூடுதல் கட்டுப்பாட்டைத் தருகிறது, ஆனால் மொழிபெயர்க்கும்போது ஊர் கைநழுவிப் போகிறது. முற்றம் என்பதை ஆங்கிலச் சொல்லாக்கிக் கொடுத்தபோது எனக்குக் கிடைத்தது கல் பாவி, தூண் நிறுத்திய ஒரு அரண்மனையின் நடுமுற்றம். எனவே முதலில் கண் முன்னே இருப்பதைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: "அதிகாலை. வெண்மணல் பரவிய முற்றம். சற்று முன்னர்தான் கூட்டியதால் மணலில் விளக்குமாற்றுக் கோடுகள் வளைவு வளைவாகத் தெரிகின்றன. பின்னால் கிடுகு வேலி. ஒரு வயதான பெண் செம்பில் நீரோடு இடமிருந்து வலமாக மெதுவாக நடக்கிறார். கமரா இடுப்பு உயரத்தில் அசையாமல் நிற்கிறது." இதில் இடம், ஒளி, ஆள், ஒரே ஒரு அசைவு, கமராவின் நிலை ஐந்தும் இருக்கின்றன. மொழிபெயர்க்கும்போது கிடுகு என்பதைப் பின்னிய தென்னோலை என்று பொருளால் விரியுங்கள். ஒரு காட்சிக்குள் மூன்று அசைவுகளை அடைத்தால் மூன்றுமே கெடும்.

ஒளியைப் பற்றி ஒரு வார்த்தை. எதுவும் சொல்லாமல் விட்டால் இந்தக் கருவிகள் எல்லாக் காட்சியையும் மாலைப் பொன்வெயிலில் தேனாகக் குளிப்பாட்டிவிடும். நமது ஊர் அப்படி இல்லை. "உச்சி வெயில், நிழல் காலடியில் சுருங்கியிருக்கிறது, வானம் வெளிறிக் கிடக்கிறது" என்று எழுதிப் பாருங்கள். அதற்குக் கீழ்ப்படிகிற கருவி எதற்கும் கீழ்ப்படியும்.

எழுத்துச் சோதனை முடிந்ததும், நீங்களே எடுத்த ஒளிப்படத்தைக் கொடுத்து அதை அசைக்கச் சொல்லும் வசதியைச் சோதியுங்கள். எங்கள் வகை வேலைக்கு உண்மையில் கைகொடுப்பது இதுதான். பனையும் வேலியும் படத்திலேயே சரியாக இருப்பதால் கருவி கற்பனை செய்ய வேண்டியது காற்றையும் கமரா நகர்வையும் மட்டுமே. முதல் பிரேம், கடைசிப் பிரேம் இரண்டையும் நாமே கொடுக்கக்கூடிய கருவி என்றால் இன்னும் நல்லது. ஆனால் கமரா படத்தின் ஓரத்தைத் தாண்டிச் சென்றவுடன் ஓரத்துக்கு அப்பால் இருப்பதைக் கருவி இட்டுக்கட்டும் என்பதால் மிகச் சிறிய நகர்வையே கேளுங்கள்.

ஒலியும் வருகிற கருவியானால், "வாங்கோ, இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்ற வரியைப் பேசச் சொல்லுங்கள். சொற்கள் சரியாக வந்தாலும் இராகம் சென்னையிலிருந்து வரும். குரலை நாமே பதிவுசெய்து சேர்ப்பதுதான் எனது வழக்கம். காற்று, மழை, காகம் போன்ற பின்னணி ஓசைகளை மட்டும் கருவியிடம் விடுகிறேன்.

குறிப்பேடும் கணக்கும்

ஒரு கொப்பியை எடுத்து திகதி, கருவி, காட்சி, எத்தனையாவது தடவை, பயன்படுத்தக்கூடிய செக்கன்கள், செலவான கிறெடிட்டுகள், பிழை என்ற நிரல்களைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கொப்பி இல்லாத சோதனை வெறும் விளையாட்டு.

இதிலிருந்து நமக்கு வேண்டியது ஒரே ஒரு எண், பயன்படும் ஒரு செக்கனுக்கு ஆகும் செலவு. கணக்குக்காக, 8 செக்கன் காட்சிக்கு 100 கிறெடிட் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரப்படி செக்கனுக்கு 12.5 கிறெடிட். ஆனால் 6 தடவை உருவாக்கி, அவற்றிலிருந்து மொத்தம் 3 செக்கன்தான் தேறியது என்றால், உங்கள் விலை செக்கனுக்கு 200 கிறெடிட், அதாவது விளம்பர விலையின் 16 மடங்கு. 20 டொலருக்கு 3,000 கிறெடிட் தருகிறார்கள் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 15 செக்கன். டொலரை 300 ரூபா என்று கொண்டால் ஒரு செக்கனுக்கு 400 ரூபா. பனங்கூடல் ஒன்றைப் படம்பிடிக்க மோட்டார் சைக்கிளில் போய்வர அவ்வளவு செலவாகாது. கமராவைக் கொண்டுபோய் எடுக்கக்கூடியதைக் கமராவாலேயே எடுங்கள். கனவுக் காட்சி, அசையும் பழைய வரைபடம், மேகத்துக்கு மேலே பறக்கும் காவடி என்று எடுக்க முடியாதவற்றுக்கு மட்டும் இந்தச் செலவு நியாயமாகும்.

எடிட்டிங் மேசையில்

தனியாகப் பார்க்கும்போது நன்றாக இருந்த காட்சி, நமது காட்சிகளுக்கு இடையில் வைத்தவுடன் துருத்திக்கொண்டு நிற்கலாம். அதனால் இறுதிச் சோதனையை எப்போதும் தாவிஞ்சி ரிசோல்வ், கப்கட் போன்ற நீங்கள் பழகிய எடிட்டிங் மென்பொருளில் செய்யுங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று பிரேம் வேகம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மின்விளக்குகளின் துடிப்புப் படத்தில் தெரியாமலிருக்க நிகழ்ச்சிகளைச் செக்கனுக்கு 25 பிரேமில் எடுப்பது வழக்கம். இக்கருவிகள் பலவும் தருவதோ 24 பிரேம். அப்படியே 25 பிரேம் காலக்கோட்டில் போட்டால் ஒவ்வொரு செக்கனிலும் ஒரு பிரேம் இரட்டித்து, கமரா நகரும் காட்சியில் ஒரு சிறு விக்கல் தெரியும். 8 செக்கன் காட்சியின் 192 பிரேம்களையும் 25 வேகத்தில் ஓடும்படி மாற்றினால் அது 7.68 செக்கனாகச் சுருங்கும், விக்கலும் போய்விடும். அடுத்து நிறத்தைச் சற்று வெளிறச் செய்து, கிறெயின் எனப்படும் மிக மெல்லிய புள்ளித்தன்மையைச் சேர்த்தால் கமராக் காட்சியோடு ஓரளவு பொருந்தும். பிறகு, எதுவும் சொல்லாமல் ஊரில் வளர்ந்த ஒரு பெரியவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அதைவிடக் கடுமையான தரச்சோதனையை நான் அறியேன்.

செய்யாமல் விட வேண்டியவை

இறந்தவரின் அல்லது காணாமற்போனவரின் படத்தைக் கொண்டுவந்து அசைத்துத் தரும்படி கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி வராத ஸ்ரூடியோ இருக்காது. நான் உடனே ஒப்புக்கொள்வதில்லை. கேட்பவரைத் தவிர வீட்டில் மற்றவர்களுக்கும் சம்மதமா என்று அறிந்த பிறகே பேசுகிறேன், அப்போதும் முகத்தை அசைக்காமல் படத்தைச் சுற்றியுள்ள ஒளியை மட்டும் அசைத்துக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறேன். உயிரோடு இருப்பவரின் முகத்தை ஏற்றுவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இந்நாட்டில் இருப்பதை நினைவில் வையுங்கள்.

வரலாற்றுக் காட்சிகளில் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்தத் தீயை ஒரு கருவியில் மிகத் தத்ரூபமாக எரிய வைத்துவிடலாம். ஆனால் அந்தப் பொய்க்காட்சி வட்ஸ்அப்பில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தபின், எஞ்சியிருக்கும் உண்மையான படங்களையும் "இதுவும் அப்படித்தானே" என்று தள்ளிவிட ஒருவருக்கு வாய்ப்புக் கிடைக்கும். கட்டாயம் வேண்டுமானால் ஓவிய பாணியிலோ நிழலுருவத்திலோ செய்யுங்கள், அது உருவாக்கப்பட்டதென்று திரையிலேயே எழுதுங்கள். நிஜம் போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளை அறிவிக்கும்படி யூரியூப் 2024 மார்ச்சிலிருந்து கேட்கிறது. பதிவேற்றும்போது அந்தப் பெட்டியைத் தெரிவு செய்ய மறக்க வேண்டாம். கூகிளின் சின்த்ஐடி போன்ற கண்ணுக்குத் தெரியாத அடையாளங்கள் காட்சிக்குள்ளேயே பதிந்திருப்பதால் மறைப்பதிலும் பயன் இல்லை.

ஒரு வாரம் முடிந்ததும் கொப்பியைத் திறந்து, ஐந்து காட்சிகளில் எத்தனை தேறின, உங்கள் செக்கன் விலை என்ன, அடுத்த மாதம் கையிலிருக்கும் வேலையில் எடுக்க முடியாத காட்சி எத்தனை செக்கன் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கணக்கு ஒத்துவந்தால் ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடிக்கு ஆசைப்படாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, முடிவுத் திகதியைக் கொப்பியின் அட்டையில் எழுதி வையுங்கள்.